ஹெட்போனைச் சொருகியும் கணினி கண்டுகொள்ளவில்லையா? எங்கே தொடங்கி எப்படிப் பார்ப்பது

ஹெட்போனைச் சொருகியாயிற்று, பாட்டு இன்னும் ஸ்பீக்கரில்தான் வருகிறது. இன்னொருவருக்கு இரண்டிலும் சத்தமில்லை. மற்றொருவருக்குக் காதில் நன்றாகக் கேட்கிறது, ஆனால் அவர் பேசுவது எதிர்முனைக்குப் போவதில்லை. இவை மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். மூவரும் சொல்வது மட்டும் ஒன்றே: "ஹெட்போனை கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது."

சொன்ன கையோடு டிரைவரை, அதாவது ஒலிச் சிப்பை இயக்கும் மென்பொருளை, அழித்துவிட்டு மறுபடி போடத் தொடங்குகிறார்கள். புதிதாக இதில் இறங்குபவர்கள் வழுக்கி விழுவதை நான் அதிகம் பார்த்தது அந்த இடத்தில்தான். நன்றாக இருந்த ஸ்பீக்கரும் சேர்ந்து போய்விடும், கோளாறு எங்கே தொடங்கியது என்பதும் மறந்துவிடும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெட்போனின் பின் உள்ளே வந்ததே கணினிக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் ஒலியை வேறு பக்கம் அனுப்புகிறதா? தெரியவில்லை என்றால் கம்பி, ஜாக் (பின் நுழையும் துளை), டிரைவர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தெரிந்தும் வேறு பக்கம் போகிறது என்றால் வெறும் செட்டிங்ஸ்தான், எதையும் கழற்றவோ அழிக்கவோ தேவையில்லை. கீழே உள்ள வரிசை இந்த இரண்டையும் பிரிப்பதற்காகப் போட்டது. தயவுசெய்து நடுவில் தாவாதீர்கள்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

நன்றாக வேலை செய்வதாக உறுதியாகத் தெரிந்த இன்னொரு ஹெட்போன். உங்கள் ஹெட்போனைச் சோதிக்க வேறொரு சாதனம், ஜாக் உள்ள போனோ வேறொரு லேப்டாப்போ போதும். ஒரு டார்ச். கணினியின் அட்மின் பாஸ்வேர்ட்.

இவற்றோடு, ஒருவர் தனியாகப் பாடும், உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டு. ஏன் பாட்டு, அதுவும் பாடகர் குரலோடு என்பது 4ஆம் படியில் புரியும். வெறும் 'டிங்' ஓசையை வைத்துச் சோதித்தால் அந்தக் கோளாறு பிடிபடவே படாது.

ஒரு தாளும் வேண்டும். எதை மாற்றினாலும் எழுதுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியானால், எது சரிசெய்தது என்று தெரியாது. அதே கோளாறு மறுபடி வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

2. உங்கள் ஹெட்போன் எந்த வகை?

கணினி ஒவ்வொரு வகையையும் ஒவ்வொரு விதமாக அடையாளம் காண்கிறது. அதனால் ஒரு வகைக்கான மருந்து இன்னொன்றுக்குப் பயன்படாது.

3.5 மில்லிமீட்டர் பின்: ஜாக்கின் உள்ளே சிறிய உலோக நாக்கு ஒன்று இருக்கிறது. பின் உள்ளே போகும்போது அதைத் தள்ளுகிறது. அந்த அசைவை ஒலிச் சிப் உணர்ந்து "ஏதோ வந்திருக்கிறது" என்று சொல்கிறது. அவ்வளவுதான். வந்தது எந்த நிறுவனத்தின் ஹெட்போன் என்று அதற்குத் தெரியாது. பட்டியலில் உங்கள் ஹெட்போனின் பெயரைத் தேடி, காணவில்லை என்று பதறாதீர்கள். அங்கே ரியல்டெக் போன்ற சிப்பின் பெயர்தான் இருக்கும்.

யுஎஸ்பி: இந்த ஹெட்போனுக்குள்ளேயே ஒலிச் சிப் இருக்கிறது. கணினிக்கு இது தனி சவுண்ட் கார்டு மாதிரி. தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வரும்.

ப்ளூடூத்: முதலில் இணை சேர வேண்டும், பிறகு பாட்டுக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என இரண்டு வேடம் போடும். அதற்குத் தனிப் படி கீழே இருக்கிறது.

டைப்-சி துளையில் மாட்டி 3.5 மில்லிமீட்டராக மாற்றும் சிறிய இணைப்பான் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒலிச் சிப் உள்ளேயே இருக்கும், அது யுஎஸ்பி ஹெட்போனைப் போல நடந்துகொள்ளும். மற்றொன்று வெறும் கம்பி மட்டும், சில போன்களுக்காகச் செய்தது. அதைக் கணினியில் மாட்டினால் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. எந்த செட்டிங்ஸும் அதைச் சரிசெய்யாது.

3. மாற்றிச் சொருகிப் பாருங்கள்

ஐந்து நிமிட வேலை. ஆனால் இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

உங்கள் ஹெட்போனை வேறு சாதனத்தில் சொருகுங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் கோளாறு ஹெட்போனில். கணினியைத் தொடவே வேண்டாம். பின் தொடங்கும் இடத்தில் வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள், சத்தம் விட்டு விட்டு வந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

அங்கே நன்றாக வருகிறது என்றால், அந்த இன்னொரு ஹெட்போனை உங்கள் கணினியில் சொருகுங்கள். அதுவும் வரவில்லை என்றால் கோளாறு கணினிப் பக்கம். அது வருகிறது, உங்களுடையது மட்டும் வரவில்லை என்றால் இரண்டும் தனித்தனியே நல்லவை, ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இந்த மூன்றாவது நிலையில்தான் மக்கள் அதிகம் குழம்புகிறார்கள். அதற்கு விடை அடுத்த படியில்.

4. பின்னையும் ஜாக்கையும் கண்ணால் பாருங்கள்

பின்னில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு வளையம் என்றால் மூன்று தொடர்புகள்: இடது, வலது, இரண்டுக்கும் பொதுவான திரும்பு வழியான கிரவுண்ட். மூன்று வளையம் என்றால் நான்காவதாக மைக் சேர்ந்திருக்கிறது.

மைக் உள்ள பின்னிலும் இரண்டு வழக்கம் உண்டு. இப்போது பரவலாக உள்ள சிடிஐஏ முறையில் அடித்தண்டு மைக், அதற்கு அடுத்தது கிரவுண்ட். பழைய ஓஎம்டிபி முறையில் இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும். முறை மாறினால் கிரவுண்ட் சரியாகக் கிடைக்காது. கிரவுண்ட் இல்லாதபோது இரண்டு காதுக்கும் போவது இடது வலது ஒலிகளுக்கு இடையிலான வித்தியாசம் மட்டுமே. பாடகர் குரல் வழக்கமாக இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகியிருக்கும், எனவே அது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வாத்தியங்கள் எங்கோ தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும், பாடுகிறவரைக் காணோம்!

அப்படிக் கேட்டால் வயரில் உள்ள மைக் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். குரல் சட்டென்று திரும்பினால் முடிவு தெரிந்துவிட்டது: முறை பொருந்தவில்லை. பொத்தான் மைக்கையும் கிரவுண்டையும் இணைப்பதால்தான் குரல் திரும்புகிறது. ஒரு முறையை மற்றதாக மாற்றும் இணைப்பான் போட்டால் தீரும். டிரைவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து ஜாக்குக்குள் டார்ச் அடியுங்கள். ஒரு லேப்டாப்பில் ஒரு மாலை முழுக்க டிரைவரோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் பின்னை உற்றுப் பார்த்தேன். நகத்தின் கனம் அளவுக்கு வெளியே நின்றது. பையில் கிடந்து கிடந்து சேர்ந்த பஞ்சு, ஒவ்வொரு முறை சொருகும்போதும் உள்ளே அமுங்கி, அடியில் தட்டையாகக் கெட்டித்துப் போயிருந்தது. பின் கடைசி வரை போகாததால் அந்த உலோக நாக்கைத் தள்ளவில்லை, கணினியும் உணரவில்லை. மரப் பல்குச்சியால் கிளறியதும் பஞ்சு சுருண்டு வந்தது. அடுத்து சொருகியபோது 'க்ளிக்' என்று விரலில் தெரிந்தது.

சுத்தம் செய்யும்போது கணினியை முழுக்க அணைத்துவிடுங்கள். ஊசி, ஹேர்பின் போன்ற உலோகம் வேண்டவே வேண்டாம், அந்த நாக்கை வளைத்துவிட்டால் பிறகு ஜாக்கையே மாற்ற வேண்டும். வாயால் ஊதவும் வேண்டாம், ஈரம் உள்ளே போகும்.

மேசைக் கணினி என்றால் இன்னும் மூன்று விஷயம்.

பின்பக்கத் துளைகளில் பச்சை கேட்பதற்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே கொண்டுவர. நீலத்தில் சொருகிவிட்டு அரை நாள் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். மானிட்டரின் பின்னால் உள்ள ஜாக்கில் சொருகியவர்களும் உண்டு. அந்த ஜாக் கணினியின் ஒலிச் சிப்போடு சேர்ந்ததல்ல, மானிட்டரை இணைக்கும் ஹெச்டிஎம்ஐ போன்ற வயர் வழியாக வரும் ஒலியைத்தான் தரும்.

மூன்று வளையப் பின்னைப் பச்சையில் சொருகினால் பெரும்பாலும் கேட்கும், மைக் வேலை செய்யாது. ஹெட்போன், மைக் எனத் தனித்தனியாகப் பிரிக்கும் ஒய் வடிவ இணைப்பான் வேண்டும். வாங்கும்போது ஏமாந்துவிடாதீர்கள். இரண்டு பேர் ஒன்றாகப் பாட்டுக் கேட்பதற்கான பிரிப்பானும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். மைக்குக்கானதில் ஒரு பக்கம் மூன்று வளையப் பின்னை வாங்கும் ஒரு துளையும், மறுபக்கம் இரண்டு பின்களும் இருக்கும். பாட்டுக்கானதில் பின் ஒன்று, துளை இரண்டு.

கேபினட்டின் முன்பக்க ஜாக் மட்டும் வேலை செய்யவில்லை, பின்பக்கம் நன்றாக இருக்கிறது என்றால், மதர்போர்டில் போய் மாட்டும் வயரைப் பாருங்கள். பழைய கேபினட்களில் அந்த வயர் முனையில் இரண்டு தலைகள் இருக்கும், ஒன்றில் ஹெச்டி ஆடியோ என்றும் மற்றதில் ஏசி 97 என்றும் எழுதியிருக்கும். ஏசி 97 தலையை மாட்டினால் ஒலி வர வாய்ப்புண்டு, ஆனால் பின் வந்ததைத் தெரிவிக்கும் கம்பி அதில் இல்லை. ஹெச்டி ஆடியோ தலையை மட்டும் மாட்டுங்கள். அது இல்லாத மிகப் பழைய கேபினட் என்றால் ரியல்டெக் மென்பொருளில் முன்பக்க ஜாக்கை உணர்வதை நிறுத்தும் ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்கினால் உணர்வுக்குக் காத்திராமல் ஒலி போகும்.

5. விண்டோஸ் பட்டியலில் என்ன சொல்கிறது?

'செட்டிங்ஸ்' திறந்து, 'சிஸ்டம்', 'சவுண்ட்' போங்கள். கீழே 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' இருக்கும், விண்டோஸ் 10ல் 'சவுண்ட் கண்ட்ரோல் பேனல்'. திறக்கும் பெட்டியில் 'பிளேபேக்' பக்கத்தின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து, முடக்கிய சாதனங்களையும் இணைக்காத சாதனங்களையும் காட்டச் சொல்லும் இரண்டு வரிகளையும் டிக் செய்யுங்கள். இதைச் செய்யாமல் "பட்டியலில் இல்லை" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். முடக்கிய சாதனம் இயல்பாகப் பட்டியலில் தெரியாது.

இப்போது பெட்டியைத் திறந்து வைத்தபடியே பின்னை உருவிச் சொருகுங்கள், கண் பட்டியலில் இருக்கட்டும். 'நாட் பிளக்ட் இன்' என்று மங்கலாக இருந்த வரி தெளிவானால், கணினி உணர்கிறது. உங்கள் கோளாறு செட்டிங்ஸில். எதுவுமே அசையவில்லை என்றால் உணரவில்லை, 4ஆம் படியில் எதையாவது விட்டுவிட்டீர்களா என்று பார்த்துவிட்டு 7க்குப் போங்கள்.

ஒரு விலக்கு. பல லேப்டாப்களில் ஸ்பீக்கரும் ஹெட்போனும் ஒரே வரியில் இருக்கும், சிப் உள்ளேயே மாற்றிக்கொள்ளும். அங்கே ஹெட்போன் என்று தனி வரி வராது. அது கோளாறல்ல.

'டிசேபிள்ட்' என்றிருந்தால் வலது கிளிக் செய்து 'எனேபிள்' கொடுங்கள். பிறகு அதையே 'டீஃபால்ட் டிவைஸ்' ஆக்குங்கள். பேச்சுக்கான இயல்புச் சாதனம் தனியாக இருப்பதால், அழைப்புகளுக்காக 'டீஃபால்ட் கம்யூனிகேஷன் டிவைஸ்' என்பதையும் கொடுத்துவிடுங்கள். பாட்டு ஹெட்போனிலும் அழைப்பு ஸ்பீக்கரிலும் வருவதற்குக் காரணம் பல முறை இதுதான்.

இப்போது உங்கள் பாட்டைப் போட்டு, ஒவ்வொரு வரியின் வலது ஓரத்திலும் உள்ள பச்சைக் கோட்டைப் பாருங்கள். இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஒலி எங்கே போகிறது என்பதை அப்படியே காட்டிக்கொடுக்கும். மானிட்டர் வரியில் கோடு ஆடுகிறது என்றால், ஹெச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. புதிதாக மானிட்டர் இணைத்த அன்று ஹெட்போன் 'கெட்டுப்போவது' இப்படித்தான். ஹெட்போன் வரியில் கோடு ஆடியும் காதில் ஒன்றும் இல்லை என்றால், விண்டோஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. வயரில் உள்ள ஒலியளவுச் சக்கரத்தையும் ம்யூட் பொத்தானையும் பாருங்கள். எந்த வரியிலும் ஆடவில்லை என்றால் அடுத்த படி.

6. செயலி தனியாக வேறு இடத்துக்கு அனுப்புகிறதா?

'வால்யூம் மிக்சர்' (விண்டோஸ் 10ல் 'ஆப் வால்யூம் அண்ட் டிவைஸ் பிரிஃபரன்சஸ்') திறந்தால் ஒவ்வொரு செயலிக்கும் தனி ஒலியளவும், தனி வெளியீட்டுச் சாதனமும் தெரியும். எப்போதோ மாற்றியது அப்படியே நின்றுபோயிருக்கலாம், எல்லாவற்றையும் இயல்புக்கு மாற்றுங்கள். வீடியோ அழைப்புச் செயலிகள் தங்கள் செட்டிங்ஸில் ஸ்பீக்கரையும் மைக்கையும் தனியாக நினைவில் வைத்திருக்கும், அங்கேயும் மாற்ற வேண்டும். மாற்றிய பின் செயலியை மூடித் திறங்கள். திறந்தபோது இருந்த சாதனத்தையே பிடித்துக்கொண்டிருப்பவை உண்டு.

7. டிரைவருக்கு முன் ரீஸ்டார்ட்

'ஷட்டவுன்' கொடுத்து ஆன் செய்தாயிற்று என்பார்கள். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால், ஷட்டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் உட்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே சேமிக்கப்பட்டு, மறுபடி அப்படியே எழும். சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கியபடியே வரும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முதலிலிருந்து எழும். எனவே ரீஸ்டார்ட்.

அதற்கு நேரமில்லை என்றால் 'சர்வீசஸ்' திறந்து 'விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர்' என்பதை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சாதனங்களைப் பட்டியலில் சேர்க்கும் வேலை அதனுடையது. 'விண்டோஸ் ஆடியோ' அதை நம்பி இயங்குவதால் அதையும் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யட்டுமா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள்.

8. இப்போதுதான் டிரைவர்

'டிவைஸ் மேனேஜர்' திறந்து ஒலிச் சாதனங்கள் உள்ள பகுதியைப் பாருங்கள். ஒலிச் சிப்பே அங்கே இல்லை என்றால் பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் கணினியின் அடிப்படை செட்டிங்ஸில்) அதை முடக்கியிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஏதோ அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால் 'ரோல் பேக் டிரைவர்' முதல் வேலை. அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் பழையது சேமிப்பில் இல்லை என்று பொருள்.

அடுத்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்'. டிரைவர் கோப்பையும் அழிக்கவா என்று கேட்கும் டிக்கை முதல் முறை போடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் அதே டிரைவர் புதிதாக அமரும். பல சமயம் அதுவே போதும்.

போதவில்லை என்றால் உங்கள் லேப்டாப்பின் அல்லது மதர்போர்டின் மாடல் எண்ணைப் போட்டு, அதைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து ஆடியோ டிரைவரை எடுங்கள். சிப்பின் பெயரைத் தேடி எங்கிருந்தோ எடுக்க வேண்டாம். ஒரே சிப்பை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாக ஜாக்கோடு இணைத்திருப்பார்கள், எந்தக் கால் எந்த ஜாக்குக்குப் போகிறது என்ற விவரம் அவர்கள் தரும் டிரைவரில்தான் இருக்கும். பொது டிரைவர் போட்டதும் ஸ்பீக்கர் பாடுகிறது, ஜாக் மட்டும் செத்துக் கிடக்கிறது என்பதற்குப் பல முறை இதுதான் காரணம். எல்லா டிரைவரையும் தானே புதுப்பிக்கும் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் மட்டும், விண்டோஸிலேயே உள்ள 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்' டிரைவரைக் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

ரியல்டெக் மென்பொருள் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். பின்னைச் சொருகியதும் "என்ன சொருகினீர்கள்?" என்று ஒரு பெட்டி வரும். அவசரத்தில் மைக் என்று சொல்லிவிட்டு, இனிக் கேட்காதே என்றும் டிக் செய்துவிடுகிறோம். அந்தக் கேள்வியை மறுபடி இயக்கிவிட்டு, உருவிச் சொருகுங்கள்.

9. ப்ளூடூத் என்றால்

ப்ளூடூத் ஹெட்போன் ஆன் ஆனதும் கடைசியாக இணைந்த சாதனத்தைத் தேடிப் போகும். அது பக்கத்தில் கிடக்கும் உங்கள் போனாக இருக்கலாம். முதலில் போனில் ப்ளூடூத்தை அணையுங்கள்.

பிறகும் சேரவில்லை என்றால் பழைய இணைப்பை இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும். கணினியில் மட்டும் அழித்தால் ஹெட்போன் பழைய சாவியையே வைத்துக்கொண்டு நிற்கும். அதை ரீசெட் செய்யும் முறை அதன் கையேட்டில் இருக்கும். வெறுமனே ஆன் செய்வது வேறு, இணை சேரும் நிலை வேறு. பொத்தானைக் கூடுதல் நேரம் அழுத்தி, விளக்கு வேறு விதமாக மின்னத் தொடங்கிய பிறகே கணினியில் தேடுங்கள்.

சேர்ந்தும் சத்தம் பழைய தொலைபேசி மாதிரி மங்கலாக இருக்கிறதா? ஏதோ ஒரு செயலி மைக்கைத் திறந்திருக்கிறது. வழக்கமான ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஏ2டிபி என்ற முறை, அதில் ஸ்டீரியோ ஒலி உண்டு, மைக் கிடையாது. மைக் தேவைப்பட்டதும் அழைப்புக்கான முறைக்கு மாறும், அங்கே ஒலி மோனோவாகச் சுருங்கிவிடும். விண்டோஸ் 10ல் இவை இரண்டு தனி வரிகளாகவே தெரியும். தரம் வேண்டுமென்றால் கேட்பதை ஹெட்போனில் வைத்துக்கொண்டு, மைக்காக லேப்டாப்பில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

10. யுஎஸ்பி என்றால்

ஹப்பில் மாட்டியிருந்தால் எடுத்து, நேராகக் கணினியில் மாட்டுங்கள். மேசைக் கணினியில் பின்பக்கத் துளை நல்லது. சொருகியதும் டிவைஸ் மேனேஜரில் புதிய பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் 5ஆம் படி, வராவிட்டால் வயரையோ துளையையோ சந்தேகியுங்கள். உள்ளே உள்ள ரியல்டெக் டிரைவரை மாற்றி இங்கே ஒரு பயனும் இல்லை.

11. மேக், லினக்ஸ்

மேக்கில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'சவுண்ட்', 'அவுட்புட்' என்று போங்கள். பழைய மேக்புக்கில் ஜாக்குக்குள் சிவப்பு ஒளி தெரிந்தால், அந்தத் துளையிலேயே உள்ள ஆப்டிகல் வெளியீட்டுக்கு அது மாறிச் சிக்கியிருக்கிறது. உள்ளே உள்ள சிறு சுவிட்ச் விடுபடும் வரை பின்னைச் சில முறை மெதுவாகச் சொருகி உருவுங்கள்.

லினக்ஸில் பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோலைத் திறந்து, 'கான்ஃபிகரேஷன்' பக்கத்தில் கார்டின் புரொஃபைல் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். 'அவுட்புட் டிவைசஸ்' பக்கத்தில் ஹெட்போன் போர்ட் 'அன்பிளக்ட்' என்றிருந்தால் கணினி உணரவில்லை. உணர்ந்தும் சத்தமில்லை என்றால் டெர்மினலில் திறக்கும் ஆல்சாமிக்சரில் ஹெட்போன் பட்டையின் கீழே ம்யூட்டைக் குறிக்கும் 'எம்எம்' என்றிருக்கலாம், எம் விசையை அழுத்தினால் திறக்கும். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து, விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் செய்து வந்தபின் மட்டும் ஜாக் செத்திருந்தால், ஒருமுறை மின்சாரத்தை முழுக்க நிறுத்தி ஆன் செய்யுங்கள். விண்டோஸ் டிரைவர் சிப்பை விட்டுச்சென்ற நிலை அப்போதுதான் அழியும்.

12. ஜாக்கே போய்விட்டது என்று எப்போது முடிவு செய்வது?

5ஆம் படியில் பட்டியலைப் பார்த்துக்கொண்டே பின்னை விரலால் லேசாக அசையுங்கள். வரி வந்து வந்து மறைந்தால் ஜாக்கின் உள்ளே தொடர்பு தேய்ந்திருக்கிறது, அல்லது அது போர்டில் பற்றவைத்த இடம் விட்டுப்போயிருக்கிறது. எதையும் சொருகாதபோதே ஹெட்போன் இருப்பதாகக் காட்டி ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டால், உலோக நாக்கு உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. மெதுவாகச் சில முறை சொருகி உருவினால் சில சமயம் விடுபடும்.

விடுபடாவிட்டால் போர்டைத் திறக்க வேண்டியதில்லை. ஒலிச் சிப் உள்ள சிறிய யுஎஸ்பி ஆடியோ அடாப்டர் ஒன்று போதும். அது பழுதான ஜாக்கைத் தொடாமலேயே வேலை செய்யும். மாட்டியதும் 5ஆம் படிக்குத் திரும்பி, 'பிளேபேக்' பக்கத்திலும் மைக்குக்கான 'ரெக்கார்டிங்' பக்கத்திலும் அதை இயல்புச் சாதனமாக்கிவிடுங்கள்.